ஒப்போர்ட்டோ: ஊர்ப்பெயரில் ஒட்டிக்கொண்ட ஓரெழுத்து

போர்ச்சுகலின் இரண்டாவது பெரிய நகரத்துக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. ஊர்க்காரர்களுக்கு அது போர்ட்டோ. ஸ்பானியர்களுக்கும், வெகுகாலம் ஆங்கிலேயர்களுக்கும் ஒப்போர்ட்டோ. மாட்ரிட் மெட்ரோ ரயிலில் ‘ஒப்போர்ட்டோ’ என்றே ஒரு நிலையம் இருக்கிறது. 1996-இல் யுனெஸ்கோ அந்த நகரத்தின் பழைய பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டதும் ஒப்போர்ட்டோ என்றுதான். விமானச் சீட்டில் அந்த ஊருக்குரிய மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள்: ஓ, பி, ஓ. பி-யில் தொடங்கும் ஊருக்குக் குறியீடு மட்டும் ஓ-வில் தொடங்குகிறது.

அந்த முதல் ஓ ஊரின் பெயரில் சேர்ந்ததே இல்லை. அது இலக்கணத்தின் சரக்கு. ஆங்கில வகுப்பில் ‘ஆர்ட்டிகிள்’ என்று சொல்லி நம்மைப் படுத்தி எடுத்தார்களே, அந்த ‘தி’ என்ற சொல்லின் போர்ச்சுகீசிய வடிவம்தான் ஓ. ஆண்பால் ஒருமைக்கு ஓ, பெண்பால் ஒருமைக்கு ஆ. பன்மையில் ஓஸ், ஆஸ். ‘போர்ட்டோ’ என்றால் துறைமுகம். ‘ஓ போர்ட்டோ’ என்றால் அந்தத் துறைமுகம்.

அந்த என்று சொல்வது வசதிக்காக அல்ல. லத்தீனில் ஆர்ட்டிகிள் கிடையாது. ‘இல்லெ’, ‘இல்லா’ என்ற சேய்மைச் சுட்டுகள் இருந்தன; நம்முடைய அவன், அவள், அது மாதிரி. ரோமப் பேரரசின் பேச்சு வழக்கில் இவை எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் வந்து நின்று, சுட்டும் வேலையை இழந்து, வெறும் அடையாளமாகத் தேய்ந்தன. அதனால் இதை நான் சுட்டு என்றே இங்கே எழுதுகிறேன். ஸ்பானியத்தில் தேய்ந்தது எல், லா என்று நின்றது. பிரெஞ்சில் லெ, லா. இத்தாலியத்தில் இல், லோ, லா. இவற்றிலெல்லாம் ஒரு லகரமாவது மிஞ்சியது. போர்ச்சுகீசியத்திலும் அதன் உடன்பிறப்பான கலீசிய மொழியிலும் அந்த லகரமும் போய், ஒற்றை உயிரெழுத்துதான் மிச்சம்.

காரணம் அந்த மேற்குக் கரைப் பேச்சின் பழக்கம். இரண்டு உயிர்களுக்கு நடுவில் ஒற்றை லகரம் வந்தால் அதை விழுங்கிவிடுவார்கள். வலிக்கு ஸ்பானியத்தில் ‘தொலோர்’, போர்ச்சுகீசியத்தில் ‘தோர்’. நிறம் அங்கே ‘கொலோர்’, இங்கே ‘கோர்’. பறப்பது அங்கே ‘வொலார்’, இங்கே ‘வோஆர்’. பேச்சில் சுட்டுக்கு முன்னும் பின்னும் சொற்கள் நெருங்கி நின்றதால் ‘லோ’வின் லகரமும் இரு உயிர்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. லோ, ஓ ஆனது. லா, ஆ ஆனது. பழைய லகரத்துக்குத் தடயம் வேண்டுமென்றால் ‘பெலோ’ என்ற சொல்லைப் பார்க்கலாம். ‘வழியாக’ என்று பொருள்படும் ‘பெர்’ உருபும் ‘லோ’வும் சேர்ந்தது அது. முன்னிருந்த ரகரம் லகரத்தோடு கலந்து இரட்டித்ததால், விழுங்கும் விதி அங்கே செல்லவில்லை.

இனி ஊருக்கு வருவோம். தோரு ஆறு அட்லாண்டிக்கில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, ரோமர் காலத்தில் ‘காலே’ என்ற குடியிருப்பு ஒன்று இருந்தது. லிஸ்பனிலிருந்து வடக்கே பிராகாவுக்குப் போகும் ரோமச் சாலையில் அது ஒரு தங்குமிடம். ஆற்றின் எந்தக் கரையில் இருந்தது என்று வடகரைப் போர்ட்டோக்காரர்களும் தென்கரை வில நோவா த காயாக்காரர்களும் இன்றைக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. காலே என்பதற்குப் பொருள் சொல்ல முயன்றவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அதில் இறங்கினால் நாம் கரையேற முடியாது. துறை இருந்ததால் அது போர்ட்டுஸ் காலே. 456-இல் சுவேபியர் என்ற இனத்தாரின் அரசன் ரெக்கியார் தோற்று ஓடி இங்கேதான் பிடிபட்டான். அதை எழுதிவைத்த ஹைடேசியஸ் என்ற ஆயர் இந்த இடத்தின் பெயரையும் குறித்திருக்கிறார். 868-இல் விமாரா பெரெஸ் மூர்களிடமிருந்து ஊரைப் பிடித்தபின் சுற்றுவட்டாரம் முழுவதும் போர்ட்டுகாலே சீமை ஆனது. அந்தச் சீமையின் தலைவர் அஃபோன்சு என்ரிக்கெஸ் 12-ஆம் நூற்றாண்டில் தன்னை அரசராக அறிவித்துக்கொண்டபோது, சீமையின் பெயர் நாட்டின் பெயராயிற்று.

லகரம் விழுங்கும் மொழியில் ‘போர்ட்டுகாலே’ எப்படி லகரத்தோடு தப்பியது? கடைசி எகரம் முந்திக்கொண்டு உதிர்ந்துவிட்டது. லகரம் சொல்லின் இறுதிக்கு வந்துவிட்டது; நடுவில் நின்றால்தானே விழுங்குவதற்கு? உப்புக்கு ‘சால்’, சூரியனுக்கு ‘சோல்’ என்பவை நின்றதும் இப்படித்தான். பன்மையில் பின்னால் உயிர் வந்ததும் பாருங்கள்: ‘சாய்ஸ்’, ‘சோய்ஸ்’. லகரம் காணாமல் போய்விடும்.

முழுப்பெயரை நாடு எடுத்துக்கொண்டது. ஊருக்குப் பெயரின் முன்பாதிதான் மிஞ்சியது: துறைமுகம். பொதுச்சொல்லே ஊர்ப்பெயர் ஆகும்போது எந்தத் துறைமுகம் என்று தெரிய வேண்டும். அதனால் சுட்டு வந்து ஒட்டியது: ஓ போர்ட்டோ.

போர்ச்சுகீசியம் கற்கிறவர்களைத் திணறடிக்கும் விஷயம் இது. லிஸ்பனுக்குச் சுட்டு இல்லை; பிராகாவுக்கு, கோயிம்பிராவுக்கு, எவோராவுக்கு இல்லை. போர்ட்டோவுக்கு உண்டு. லிஸ்பனில் என்பதற்கு ‘எம் லிஸ்போவா’. போர்ட்டோவில் என்பதற்கு ‘நோ போர்ட்டோ’. ஆசிரியர்கள் இதை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். மனப்பாடம் தேவையில்லை, பெயரைக் கீறிப் பார்த்தால் போதும் என்பது என் கட்சி. ஊர்ப்பெயருக்குள் பொதுச்சொல் இன்னும் உயிரோடு இருந்தால் சுட்டு வரும். காவல் என்று பொருள்படும் மலையூர் ‘ஆ குவார்தா’. அத்திமரம் என்ற கடற்கரை ஊர் ‘ஆ ஃபிகெய்ரா த ஃபோஸ்’. மதெய்ரா தீவின் தலைநகர், பெருஞ்சீரகம் விளைந்த இடம், ‘ஓ ஃபுன்ஷால்’. பிரேசிலில் ஆறு என்ற சொல்லில் தொடங்கும் ‘ஓ ரியோ த ஜனேரோ’. லிஸ்பன், பிராகா போன்றவை போர்ச்சுகீசிய மொழி பிறக்கும் முன்பே அங்கே இருந்த பழம்பெயர்கள்; அவற்றுக்குள் பேசுகிறவன் காதுக்கு எட்டும் சொல் எதுவும் இல்லை.

பிரேசிலின் ஹெசிஃபி நகரம் இன்னும் சுவையானது. பெயரின் பொருள் கடற்பாறைத் திட்டு. ஊர்க்காரர்கள் ‘ஓ ஹெசிஃபி’ என்பார்கள். வெளியூர்க்காரர்கள் சுட்டை விட்டுவிடுவார்கள். அந்த ஊரில் பிறந்த சமூகவியலாளர் ஜில்பெர்த்து ஃபிரெய்ரி சுட்டு வேண்டும் என்று எழுத்திலேயே வாதாடினார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தச் சொல் அரபியிலிருந்து வந்தது. அதன் பழைய வடிவம் ‘அஹெசிஃபி’. முன்னால் இருந்த அ, அரபிச் சுட்டான ‘அல்’ என்பதன் மிச்சம். அரபிக்காரர்களின் சுட்டு உதிர்ந்த இடத்தில் போர்ச்சுகீசியச் சுட்டு உட்கார்ந்திருக்கிறது.

ஆங்கிலேயர்களுக்குப் போர்ட்டோவோடு பழக்கம் நெடுநாளையது. 1386-இல் வின்சர் ஒப்பந்தம். அடுத்த ஆண்டே லங்காஸ்டர் குடும்பத்துப் பிலிப்பாவுக்கும் போர்ச்சுகல் அரசர் முதலாம் ஜான் அவர்களுக்கும் போர்ட்டோவில் திருமணம். மாலுமி என்ற பட்டத்தோடு வரலாற்றில் இருக்கும் இளவரசர் ஹென்றி, அந்தத் தம்பதியின் பிள்ளை, 1394-இல் அதே ஊரில் பிறந்தவர். பிறகு வந்தவர்கள் வியாபாரிகள். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் பகை முற்றி, பிரெஞ்சு ஒயின் வராமல் போனது. 1703-இல் மெத்துயன் ஒப்பந்தம் போர்ச்சுகீசிய ஒயினுக்குப் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான வரி என்று உறுதி சொன்னது. தோரு பள்ளத்தாக்கில் விளைந்த ஒயின், படகில் ஆற்றோடு இறங்கி, காயாவின் கிடங்குகளில் தங்கி, கப்பலேறியது.

இந்த வியாபாரிகள் காதில் ஊர்ப்பெயர் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். போர்ச்சுகீசியத்தில் உருபும் சுட்டும் தனித்தனியே நிற்பதில்லை, புணர்ந்துவிடும். ‘இலிருந்து’ என்ற பொருள்தரும் ‘தெ’வும் ஓ-வும் சேர்ந்தால் ‘தோ’. ‘இல்’ பொருளுள்ள ‘எம்’மும் ஓ-வும் ‘நோ’. ‘க்கு’ பொருளுள்ள ‘ஆ’வும் ஓ-வும் ‘ஆஓ’. ‘வழியாக’ என்றால் ‘பெலோ’. இவற்றை ஊர்ப்பெயரோடு சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஓ போர்ட்டோ, தோ போர்ட்டோ, நோ போர்ட்டோ, ஆஓ போர்ட்டோ, பெலோ போர்ட்டோ. எந்த வேற்றுமையில் கேட்டாலும் பகரத்துக்கு முன்னால் ஓ இருந்துகொண்டே இருக்கிறது. (இன்றைய உச்சரிப்பில் அது உகரமாகக் குறுகிவிட்டது, ஊர்க்காரர் ‘உ போர்ட்டு’ என்றுதான் சொல்வார்.) விலகாமல் முன்னால் நிற்கும் ஒலியை வெளியூர்க்காரன் பெயரின் முதலெழுத்து என்று எடுத்துக்கொண்டதில் என்ன குற்றம்? ஒப்போர்ட்டோ என்ற வடிவத்தைப் பிழை என்று எழுதுகிறவர்கள் உண்டு. காதுக்கு நேர்மையாக எழுதினார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஊரில் சேர்த்துக்கொண்ட ஓ-வை ஒயினில் கழித்துவிட்டார்கள் என்பது இதன் மறுபாதி. ஒப்போர்ட்டோ ஒயின், போர்ட்டோ ஒயின், கடைசியில் வெறும் போர்ட். முதல் ஓ-வும் போயிற்று, கடைசி ஓ-வும் போயிற்று. அந்த ஒயினை நிரப்பி வைக்கும் சுமார் 550 லிட்டர் மரக் கொள்கலனுக்குப் போர்ச்சுகீசியத்தில் ‘பிப்பா’ என்று பெயர். அது நமக்குத் தெரிந்த சொல், பீப்பாய் என்கிறோம்.

ஏன் ஊர்ப்பெயரில் மட்டும் சுட்டு ஒட்டியது, பீப்பாயில் ஒட்டவில்லை? ‘ஆ பிப்பா’ என்று பெண்பாற் சுட்டோடுதானே அதையும் சொல்வார்கள்? தமிழுக்கு வந்த போர்ச்சுகீசியச் சொற்கள் அத்தனையும் சுட்டை உதறிவிட்டே வந்தன. ‘ஆ மேசா’ மேசை ஆனது. ‘ஆ ஷாவெ’ சாவி. ‘ஆ ஜனெலா’ ஜன்னல். ‘ஆ பேனா’ பேனா. ‘ஓ சபாத்தோ’ ஈழத்தில் சப்பாத்து. ‘ஆ குசின்ய’ அங்கேயே குசினி. அலமாரியின் அகரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். மூலச்சொல் ‘அர்மாரியோ’, அதுவோ ஆண்பால். சுட்டு ஒட்டியிருந்தால் ‘ஓவலமாரி’ என்றோ என்னவோ ஆகியிருக்கும்.

வீட்டுச் சாமானைச் சொல்லும்போது சுட்டு நிலையாக நிற்பதில்லை. ஒரு சாவி, என் சாவி, இந்தச் சாவி, சாவிகள் என்று முன்னால் வருவது மாறிக்கொண்டே இருக்கும்: ‘உமா’ ஷாவெ, ‘மின்ய’ ஷாவெ, ‘எஷ்ட்ட’ ஷாவெ. மாறாமல் நிற்பது ஷாவெ மட்டும். கேட்பவன் அதைத்தான் எடுத்துக்கொள்வான். ஊரை யாரும் ‘ஒரு போர்ட்டோ, என் போர்ட்டோ’ என்று அன்றாடம் சொல்வதில்லை. மாறாமல் நிற்பது ஒட்டும், மாறுவது உதிரும். அரபியிலிருந்து போர்ச்சுகீசியத்துக்கு வந்த சொற்களும் இதற்குச் சாட்சி. அரபிச் சுட்டு ‘அல்’ ஆண்பால் பெண்பால், ஒருமை பன்மை எதற்கும் மாறாது. அடுத்து வரும் மெய்க்கு ஏற்ப அதன் லகரம் திரிவது ஒன்றுதான் மாற்றம். அதனால் சர்க்கரை ‘அசூக்கர்’ என்றும், ஒலிவ எண்ணெய் ‘அசெய்ட்டெ’ என்றும், அரிசி ‘அஹோஸ்’ என்றும் அரபிச் சுட்டோடேயே வந்து தங்கின. தெற்கே உள்ள கடலோர மாகாணம் ‘அல்கார்வ்’. அரபியில் அல்-கர்ப், அதாவது மேற்கு. போர்ச்சுகீசியர் அதை ‘ஓ அல்கார்வ்’ என்கிறார்கள். ஒரே பெயருக்கு இரண்டு சுட்டு. அரசர்கள் தங்களை ‘ஹெய் தெ போர்த்துகால் இ துஸ் அல்கார்வெஸ்’ என்று அழைத்துக்கொண்டார்கள்: போர்ச்சுகலுக்கும் அல்கார்வுகளுக்கும் அரசர். ஒரே பட்டத்தில் நாட்டின் பெயர் சுட்டின்றி நிற்க, மாகாணம் சுட்டின் மேல் சுட்டோடு நிற்கிறது.

பால் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழில் பால் என்பது பொருளைப் பொறுத்தது. உயர்திணையில் ஆண், பெண். மேசை, மரம், துறைமுகம் எல்லாம் அஃறிணை, பேச்சு முடிந்தது. போர்ச்சுகீசியத்தில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு, அது பொருளைப் பார்த்து வருவதில்லை. துறைமுகம் (போர்ட்டோ) ஆண். கதவு (போர்ட்டா) பெண். இரண்டும் கடந்து செல்லும் வழி என்ற ஒரே லத்தீன் வேரில் கிளைத்தவை. ஆறு ஆண், அதன் முகத்துவாரமான ‘ஃபோஸ்’ பெண். பாலத்தின் கதை இன்னும் விசித்திரம். லத்தீனில் பாலம் ஆண்பால். பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் இன்றைக்கும் ஆண். போர்ச்சுகீசியத்திலோ ‘ஆ பொந்தெ’ என்று பெண்பாலுக்குத் தாவிவிட்டது. தோருவின் குறுக்கே 1886-இல் திறந்த இரண்டடுக்கு இரும்புப் பாலத்துக்கு முதலாம் லூயிஸ் அரசரின் பெயர். பெயர் ஆண், பாலம் பெண்.

நகரத்தின் அதிகாரப்பூர்வப் பட்டத்தில் இது துல்லியமாகத் தெரிகிறது. ‘அந்திகா, முய் நோப்ரெ, செம்ப்ரெ லெஆல் இ இன்விக்தா சிதாதெ தோ போர்ட்டோ’: தொன்மையான, மிக உயர்ந்த, என்றும் விசுவாசமான, வெல்லப்படாத போர்ட்டோ நகரம். ‘வெல்லப்படாத’ என்பது 1832-33 முற்றுகையைத் தாங்கியதற்குக் கிடைத்த சிறப்பு. அந்த முற்றுகையில் நகரத்தோடு நின்ற நான்காம் பெத்ரு தன் இதயத்தை ஊருக்கே எழுதிவைத்தார். அது லாப்பா தேவாலயத்தில் இருக்கிறது. பட்டத்தின் நான்கு அடைமொழிகளில் அந்திகா, இன்விக்தா இரண்டும் ஆகாரத்தில் முடியும் பெண்பால். நோப்ரெ, லெஆல் இரண்டும் எந்தப் பாலுக்கும் மாறாதவை. போர்ட்டோ ஆண்பாலாயிற்றே? அடைமொழிகள் தழுவுவது ‘சிதாதெ’, நகரம் என்ற பெண்பாற் சொல்லை. ஆகவே அதே ஊர் பெயரைச் சொன்னால் ‘ஓ போர்ட்டோ’, சிறப்புப் பெயரால் சொன்னால் ‘ஆ இன்விக்தா’.

ஒயினுக்கு வந்தால், ‘உம் போர்ட்டோ’ என்று கேட்டால் ஒரு கோப்பை போர்ட் ஒயின் வரும். ஊர் ஆண்பால் என்பதால் அது ஆண்பால் ஆகவில்லை. ஒயினைக் குறிக்கும் ‘வின்யோ’ ஆண்பால் என்பதால். சந்தேகம் இருந்தால் மதெய்ராவைப் பாருங்கள். மரக்கட்டை ‘ஆ மதெய்ரா’. காடடர்ந்திருந்ததால் அந்தப் பெயர் பெற்ற தீவும் ‘ஆ மதெய்ரா’. அங்கே விளையும் ஒயின் மட்டும் ‘ஓ மதெய்ரா’. பெயரின் ஓர் எழுத்தும் மாறவில்லை. சுட்டு மாறியது, குடிக்கலாம் என்று தெரிந்துவிட்டது. கால்பந்துக் குழு போர்ட்டோவும் ‘ஓ’தான், ‘குழு’வைச் சொல்லும் ‘க்ளூபெ’ ஆண்பால். கோயிம்பிரா மாணவர் சங்கத்தின் அணியோ ‘ஆ அக்காதெமிக்கா’, ‘சங்கம்’ பெண்பால்.

இந்தப் பால் கணக்கு நம் நாட்டு ஊர்ப்பெயர் ஒன்றுக்கும் உதவுகிறது. பம்பாய் என்பது ‘போம் பாயீயா’, நல்ல விரிகுடா, என்ற போர்ச்சுகீசியத் தொடரிலிருந்து வந்தது என்று பள்ளிப் புத்தகம் முதல் சுற்றுலாக் கையேடு வரை எழுதுகிறார்கள். விரிகுடா போர்ச்சுகீசியத்தில் பெண்பால். நல்ல என்பதன் பெண்பால் ‘போவா’. ‘போம்’ ஆண்பாலுக்கு உரியது. நன்னம்பிக்கை முனை அவர்கள் வாயில் ‘காபோ த போவா எஸ்பெரான்சா’. நம்பிக்கை பெண்பால் என்பதால் போவா. தாய்மொழியில் பெயர் வைக்கிற மாலுமி ‘போம் பாயீயா’ என்று சொல்லியிருக்க மாட்டான். ஊருக்கு மும்பாதேவி இருக்கும்போது விரிகுடாவைத் தேடிப் போக வேண்டியதும் இல்லை.

போர்ட்டோவுக்குச் சுட்டு வந்த விதியை மேலே என் கட்சி என்று சொன்னேன். அதற்கு இணங்காத பெயர் அந்த ஊர் வாசலிலேயே இருக்கிறது. தோருவின் முகத்துவாரத்தில் மணல்திட்டு குறுக்கிட்டுக் கப்பல்களை உடைத்துக்கொண்டிருந்ததால், 1884-இல் வடக்கே சில கிலோமீட்டர் தள்ளிப் புதிய செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். அங்கே கடலுக்குள் இருந்த பாறைகளின் பெயர் லெய்ஷோயெஸ். அலைதாங்கிச் சுவர்களுக்கு அவையே அஸ்திவாரம். பொதுச்சொல்தான், பன்மைதான், பாறைகள்தான். என் கணக்குப்படி ‘ஓஸ் லெய்ஷோயெஸ்’ என்று சுட்டு வந்திருக்க வேண்டும். வருவதில்லை. கப்பல் ‘எம் லெய்ஷோயெஸ்’ நிற்கிறது என்பார்கள். துறைமுகத்தை ‘ஓ போர்ட்டோ தெ லெய்ஷோயெஸ்’ என்பார்கள்.